தக்காளி விலையும் தவணைத் தேதியும்: பாலக்கோடு வட்டாரக் குடும்பம் ஒன்றின் கடன் கணக்கு

இந்தக் குடும்பத்துக்கு ஏழு இடத்தில் கடன் இருக்கிறது. ஒன்றைத் தவிர மற்ற ஆறும் சட்டத்துக்கும் விதிக்கும் உட்பட்டவை. கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தம் பங்குக்குக் கணக்குப் பார்த்து, இவர்களால் திருப்பிக் கட்ட முடியும் என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் தக்காளி விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் இறங்கிய ஒரே பருவத்தில் குடும்பம் தள்ளாடிவிட்டது. வட்டி அதிகம் என்பது இதற்குப் பாதி விடை. பணம் வீட்டுக்குள் வரும் காலமும் தவணை கேட்டு ஆள் வரும் காலமும் பொருந்தவே இல்லை என்பது மீதிப் பாதி. முதல் பாதியைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்த ஆய்வு இரண்டாவது பாதியைப் பற்றியது.

குடும்பத்துக்குப் பெயர் வைக்கவில்லை. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கம் தக்காளி, மாடு, கூலி என மூன்றையும் நம்பிப் பிழைக்கும் வீடுகளின் அமைப்பை வைத்துக் கட்டிய மாதிரிக் குடும்பம் இது. வீட்டின் வரவு செலவு, கடன் தொகை, விளைச்சல் எல்லாம் அந்த மாதிரிக்காக நான் வைத்த எண்கள். விதிகளும் ஆண்டுகளும் நடப்பில் உள்ளவை.

வீட்டின் வரவு

கணவன், மனைவி, கணவனின் தாய், பாலிடெக்னிக் படிக்கும் மகன், பத்தாம் வகுப்பு மகள். இரண்டு ஏக்கர் நிலம். அதில் ஒரு ஏக்கருக்குத்தான் போர் தண்ணீர் பாயும். அங்கே சொட்டுநீர் போட்டுத் தக்காளி. மற்ற ஏக்கர் மானாவாரி. கேழ்வரகும் அவரையும் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும். கறவை மாடு இரண்டு. சராசரியாக நாளுக்குப் பத்து லிட்டர் பால் சங்கத்துக்குப் போகிறது. தீவனம், மருந்து எல்லாம் கழித்தால் மாதம் 5,000 ரூபாய் நிற்கும். கணவன் வயலில் வேலை இல்லாத நாட்களில் ஓசூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறார். மாதத்துக்கு எட்டு நாள் என்று வைத்தால் 5,600. மனைவி பக்கத்துத் தோட்டங்களில் களை எடுத்தும் காய் பறித்தும் 3,000 கொண்டுவருகிறார். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000. மாமியாரின் முதியோர் உதவித்தொகை 1,200.

கூட்டினால் தக்காளி இல்லாமல் மாதம் 15,800 ரூபாய். அரிசி மளிகை, பஸ், படிப்பு, மருந்து, கல்யாணம் காதுகுத்து மொய் எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 11,000. சிக்கனமான வீடுதான். இதில் எங்கே குறைப்பது என்று கேட்பவர்கள் ஒரு மாதம் இந்தப் பணத்தில் ஐந்து பேருக்குச் சோறு போட்டுப் பார்க்க வேண்டும். மீதி நிற்பது 4,800 ரூபாய்.

இனி தக்காளி. நாற்று, உழவு, உரம், மருந்து, குச்சி, கயிறு, கட்டுக் கூலி என்று காய் பறிக்கத் தொடங்கும் முன்பே ஏக்கருக்கு 90,000 ரூபாய் மண்ணுக்குள் போய்விடுகிறது. விளைச்சல் 20 டன் என்று வைப்போம். 25 கிலோ பெட்டிக் கணக்கில் 800 பெட்டி. பறிகூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 3 ரூபாய் பிடித்துக்கொள்ளும். ஆக மொத்தச் செலவு 1,50,000. கிலோவுக்கு ஏழரை ரூபாய் கிடைத்தால்தான் போட்ட முதல் திரும்பும். பத்து ரூபாய் கிடைத்தால் லாபம் 50,000.

நட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தால்தான் முதல் பறிப்பு. அதன் பிறகு ஆறேழு வாரம் காய் வரும். வருடத்தின் பெரிய வரவு முழுவதும் அந்த ஆறேழு வாரத்துக்குள், அன்றன்றைக்கு மண்டியில் சொல்லும் விலையில் வந்து முடிந்துவிடுகிறது. தக்காளியை வைத்திருந்து விற்க முடியாது. 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது பலருக்கும் நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து நட்டவர்களின் காய் மண்டிக்கு வருவதற்குள் விலை சரிந்துவிட்டதும் நினைவிருக்கும். இந்தக் குடும்பம் போர் போட்டு ஒரு ஏக்கரையும் தக்காளிக்கு மாற்றியது அப்படியொரு நல்ல விலையைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்த பிறகுதான்.

ஏழு கடன்கள்

முதலாவது, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் 80,000 ரூபாய். ஊரில் சொசைட்டிக் கடன் என்பார்கள். கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. இதைவிட மலிவான பணம் இந்த வீட்டுக்கு எங்கும் கிடைக்காது.

இரண்டாவது, போர் போடுவதற்காக வங்கியில் ஐந்து பவுன் நகையை அடகு வைத்து வாங்கிய 1,60,000. ஒன்பது சதவீத வட்டி. ஒரு வருடம் முடிந்ததும் வட்டி 14,400 ரூபாயையும் சேர்த்து ஒரே தடவையில் கட்ட வேண்டும். இடையில் தவணை கிடையாது.

மூன்று, நான்கு, ஐந்து ஆகியவை நுண்கடன் நிறுவனங்கள் தந்த குழுக் கடன்கள். 50,000, 60,000, 40,000. மூன்றுக்கும் இருபத்து நான்கு மாதத் தவணை. குறையும் நிலுவைக்கு 24 சதவீத வட்டி. மாதத் தவணைகள் முறையே 2,644, 3,172, 2,115. மொத்தம் 7,931 ரூபாய். இரண்டாவது மாடு வாங்கியது 60,000 ரூபாய்க் கடனில். மகனின் கட்டணமும் மாமியாரின் மருத்துவச் செலவும் 50,000 ரூபாயில் போயின. 40,000 எதற்கு வாங்கினார்கள் என்று கேட்டால் ‘வீட்டுச் செலவுக்கு’ என்பார்கள். உண்மையில் அது மற்ற இரண்டு கடன்களின் தவணை கட்டுவதற்குப் போனது.

ஆறாவது, மண்டியில் வாங்கிய 30,000 ரூபாய் முன்பணம். இதற்கு வட்டி இல்லை. ஆனால் காய் அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும். இராயக்கோட்டையில் இரண்டு ரூபாய் கூடுதலாகப் போகிறது என்று தெரிந்தாலும் வண்டியைத் திருப்ப முடியாது.

ஏழாவது, உள்ளூரில் 20,000 ரூபாய், ஐந்து வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். அதிக வட்டி வசூலைத் தடை செய்யும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி இது குற்றம். ஆனால் அவசரத்துக்கு இரவு எட்டு மணிக்குப் பணம் தருபவர் அவர் ஒருவர்தான் என்பதால் யாரும் புகார் கொடுப்பதில்லை.

இப்போது நுண்கடன் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ரிசர்வ் வங்கியின் நுண்கடன் நெறிமுறைகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு, பிணையில்லாமல் தருவது நுண்கடன். ஒரு குடும்பம் மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன் தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நுண்கடன் நிறுவனங்களின் சங்கமும் தன் பங்குக்கு ஒரு வரம்பு போட்டது: ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கொடுக்கக்கூடாது, மொத்த நுண்கடன் இரண்டு லட்சத்தைத் தாண்டக்கூடாது.

இந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம், தக்காளி பத்து ரூபாய்க்குப் போனால், 2,39,600. மாதச் சராசரி ஏறக்குறைய 20,000. பாதி 10,000. கட்டும் தவணை 7,931. நிறுவனங்கள் மூன்று. தொகை ஒன்றரை லட்சம். எல்லா வரம்புக்கும் உள்ளேதான் இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சராசரி என்ற கணக்கில்தான் கோளாறு. வருடத்தில் பத்து மாதம் இந்த வீட்டில் 20,000 ரூபாய் வருவதே இல்லை. 15,800தான் வருகிறது. அதன் பாதி 7,900. தவணை அந்த வரம்பை முப்பத்தொரு ரூபாய் தாண்டிவிடுகிறது. சொசைட்டிக் கடனுக்கு மாதத் தவணை என்று ஒன்று இல்லாததால் அது மாதக் கணக்கில் கண்ணில் படுவதில்லை. அந்த 80,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தால் மாதச் சுமை 14,600 ஆகிறது. அதாவது சராசரி வருமானத்தில் 73 சதவீதம். மண்டி முன்பணமும் ஐந்து வட்டிக் கடனும் எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவிலும் ஏறாது. ஏழு கடன்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கக்கூடியவர் அந்த வீட்டுப் பெண் ஒருவர்தான். அவரிடம் யாரும் அந்தத் தாளைக் கேட்டதில்லை.

கிலோவுக்கு ஒரு ரூபாய்

மாத மீதி 4,800, தவணை 7,931. ஐந்து வட்டிக் கடன் வாங்குவதற்கு முன்பே மாதந்தோறும் 3,131 ரூபாய் துண்டு விழுகிறது. வருடத்துக்கு 37,572. நகைக் கடன் வட்டி 14,400 சேர்த்தால் 51,972. இந்தப் பள்ளத்தை நிரப்ப இருப்பது தக்காளி லாபம் மட்டும்தான்; அது பத்து ரூபாய் விலையில் 50,000. அதாவது கிலோவுக்குப் பத்து ரூபாய் பத்துப் பைசா கிடைத்தால் வருடம் சரிக்குச் சரியாக ஓடும். மகளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, மாடு சினை தவறக்கூடாது, மோட்டார் புகையக்கூடாது.

விலையில் ஒரு ரூபாய் குறைந்தால் 20 டன்னுக்கு 20,000 ரூபாய் போகிறது. மூன்று குழுக் கடன்களுக்கும் இரண்டரை மாதத் தவணை அது. வங்கிகள் தங்கள் கடன்களை வட்டி விகிதம் ஏறினால் என்ன ஆகும், நாணய மதிப்பு இறங்கினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கின்றன. அதே சோதனையை இந்த வீட்டுக்குச் செய்ய ஒரு வகுத்தல் போதும். தக்காளி ஒரு ரூபாய் இறங்கினால் எத்தனை தவணை போகும்? கடன் விண்ணப்பத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, வாரிசுதாரர் பெயர் எல்லாம் கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு இடம் விடுவதில்லை.

விலை விழுந்த பருவம்

அந்தப் பருவத்தில் சராசரியாகக் கிடைத்தது ஐந்து ரூபாய். 20 டன்னுக்கு ஒரு லட்சம். பறிகூலி, வண்டி, கமிஷன் 60,000 போக 40,000 நின்றது. மண்டிக்காரர் முன்பணம் 30,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 10,000 கொடுத்தார். விதைத்தது 90,000. விலை மூன்று ரூபாய்க்கு வந்த நாட்களில் பறித்தாலும் ஒன்றும் மிஞ்சாது என்று அக்கம்பக்கத்தில் பலர் செடியிலேயே விட்டார்கள். பாலக்கோட்டுச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் படம் எடுத்துப் போடுபவர்கள், கொட்டியவர் அன்றைக்கு ஏற்கெனவே வண்டி வாடகை கொடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பயிர்க் காப்பீடு கைகொடுத்திருக்காதா என்று கேட்கலாம். 2016 முதல் நடப்பில் உள்ள பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது அதிகபட்சம் ஐந்து சதவீதம்தான். ஆனால் அது விளைச்சல் இழப்புக்கான காப்பீடு. இங்கே விளைச்சல் நன்றாகவே இருந்தது. எல்லாருக்கும் நன்றாக இருந்ததால்தான் விலை போயிற்று. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலைத் தள்ளாட்டத்துக்கென்று 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. விலை விழுந்த வாரத்தில் ஒரு ஏக்கர்காரரின் கைக்குப் பணமாக வந்து சேரும் ஏற்பாடாக அது மாறவில்லை. வெள்ளம், வறட்சி என்று அரசு அறிவித்தால் கடன் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு வழிமுறை உண்டு. விலை விழுந்ததற்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய ஆபத்துக்குத்தான் எந்தக் குடையும் இல்லை.

கையில் 10,000. அடுத்த மாதத் தவணை 7,931, ஐந்து வட்டி 1,000. சொசைட்டிக் கெடு நெருங்குகிறது. நகைக்கும் ஒரு வருடம் முடியப்போகிறது. நான்கு கேட்புகளும் ஒரே காலத்தில் வந்தன என்பது தற்செயலாகத் தெரியலாம். தற்செயல் கொஞ்சமும் இல்லை. பயிர்க்கடன், மண்டிப் பணம், போருக்கான நகைக் கடன் மூன்றும் அதே பயிருக்காக, அதே காலத்தில் வாங்கியவை. திருப்பும் நாளும் சேர்ந்துதான் வரும்.

குழுவின் பொறுப்பு எங்கே உடைகிறது

குழுக் கடனின் அடிப்படை, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவது. ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் இது அருமையாக வேலை செய்யும். ஒன்பது பேர் ஆளுக்கு முந்நூறு போட்டு ஒருத்தியின் தவணையை அடைத்துவிடலாம். அவர் அடுத்த மாதம் திருப்பித் தருவார். ஆனால் பத்துப் பேர் வீட்டிலும் தக்காளியே நட்டிருந்தால்? விலை பத்துப் பேருக்கும் ஒரே நாளில் விழுகிறது. அப்போது ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பது ஒருவரையொருவர் நெருக்குவதாக மாறுகிறது. குழுத் தலைவியின் வீட்டுத் திண்ணையில் இரவு வரை உட்கார்ந்து, ‘அக்கா, உங்களால்தான் எங்கள் எல்லாருடைய பெயரும் கெடுகிறது’ என்று தோழிகளே சொல்லும் நிலை வருகிறது. அவமானத்தைப் பிணையாக வைத்து வசூலிக்கும் கடன் மலிவானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 24 சதவீதத்தோடு அந்த விலையையும் கூட்ட வேண்டும்.

2010இல் ஆந்திராவில் நுண்கடன் வசூல் நொறுங்கியதும், அதன் பிறகு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் அறிக்கையும் 2011 நுண்கடன் விதிகளும் வந்ததும் தெரிந்த கதை. இன்றைய விதிகள் வசூலைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. கடன் வாங்கியவரோடு பேசி முன்பே முடிவு செய்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக்கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக சட்டமன்றமும் 2025இல் தனியாக ஒரு சட்டம் இயற்றியது. இவை அவசியம். ஆனால் இவை எல்லாம் தவணை தவறிய பிறகு நடப்பதைப் பற்றியவை.

இங்கே இந்த மாவட்டத்தின் சொந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2004இல் பிரிந்தது. நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை 1992இல் ஐந்நூறு குழுக்களோடு தொடங்கும் முன்பே இங்கே பெண்கள் குழுச் சேமிப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். சுயஉதவிக் குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். வட்டி வெளியே போகாமல் குழுவுக்குள்ளேயே தங்கும். யாருக்கு எப்போது எவ்வளவு, எப்போது திருப்புவது என்பதைக் குழுவே பேசி முடிவு செய்யும். காய் விற்றதும் கட்டுகிறேன் என்று அங்கே ஒருத்தியால் சொல்ல முடியும். நுண்கடன் குழுவுக்கும் பெயர் குழுதான். அங்கே சேமிப்பு இல்லை, பேச்சும் இல்லை. தேதி மட்டும் இருக்கிறது. முதலாவது வகை பிறந்த மண்ணில் இரண்டாவது வகை இவ்வளவு ஆழமாக வேர் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நிறுவனம் சீக்கிரம் பணம் தருகிறது, குழுவின் வங்கிக் கடனுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம் என்றால், அந்த அலைச்சலைக் குறைப்பது எந்தப் புதுச் சட்டத்தையும்விட உடனடியான வேலை.

நகையை என்ன செய்வது

இந்த வீட்டில் எல்லாரும் சொல்லும் யோசனை, நகையை மாற்றி வைப்பது, அதாவது பழைய அடகை முடித்து அதே நகையைக் கூடுதல் தொகைக்கு மறுபடியும் அடகு வைப்பது. தங்கம் விலை ஏறியிருக்கிறது. கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால் 40 கிராமின் மதிப்பு 3,60,000. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக் கடன் விதிகள் 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை. அவற்றின்படி சொந்தச் செலவுக்கு வாங்கும் கடன் என்றால், இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஒரே தடவையில் கட்டும் கடன் என்றால் வருட வட்டியையும் சேர்த்து அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். பழைய வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்கலாம். இந்தக் கணக்கில் வட்டி போக இன்னும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இந்த நகையின் மீது வாங்கலாம். 24 சதவீதக் கடனை ஒன்பது சதவீதக் கடனால் அடைப்பது கணக்குப்படி லாபமும்கூட.

இருந்தும் நான் அதற்கு இணங்க மாட்டேன். விலை ஏறியதால் கிடைக்கும் அந்தத் தொகை ஒரு தடவைதான் கிடைக்கும். முழு வரம்புக்கும் வாங்கிவிட்டால், அடுத்த வருடம் வட்டியோடு ஒரே நாளில் இரண்டரை லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். தங்கம் அப்போது இறங்கியிருந்தால் மாற்றி வைக்கவும் வழி இருக்காது. ஐந்து பவுனும் ஏலத்துக்குப் போகும். ஒரு கெட்ட பருவத்தை, அடுத்த பருவத்தின் மீது இன்னும் பெரிய சுமையாக ஏற்றிவைக்கும் வேலை அது.

இரண்டு பவுனை விற்றுவிடுவது நல்லது. இதைச் சொல்வது எளிது, கேட்பது கஷ்டம் என்று தெரியும். அந்த இரண்டு பவுன் மகளுக்கென்று எடுத்து வைத்தது. நகை அடகில் இருக்கும்வரை வீட்டில் இருப்பதாகவே மனம் நம்புகிறது. விற்றால் போய்விட்டது என்று தெரிந்துவிடுகிறது. பல வீடுகளில் அடகு நகை வருடாவருடம் வட்டியைத் தின்று கடைசியில் ஏலத்தில் போவது இந்த நம்பிக்கையால்தான்.

கணக்கு இப்படி. 16 கிராம், தேய்மானம் கழித்துக் கிராமுக்கு 8,500 ரூபாய் கிடைத்தால் 1,36,000. அதில் ஐந்து வட்டிக் கடன் 20,000 முழுதாக முடிகிறது. 50,000 ரூபாய்க் குழுக் கடனில் ஒன்பது தவணை கட்டியிருந்தால் நிலுவை ஏறக்குறைய 34,000. 40,000 ரூபாய்க் கடனில் ஒரு தவணை கட்டியிருந்தால் 38,700. நுண்கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதம் வசூலிக்கக்கூடாது என்பது விதி. கேட்டால் இந்த விதியைச் சொல்லலாம். இரண்டையும் முடித்து, நகை வட்டி 14,400 கட்டினால் கையில் 28,900 நிற்கும். மிச்சமுள்ள 24 கிராமின் மதிப்பு 2,16,000. அதில் 85 சதவீதம் 1,83,600. பழைய அசல் 1,60,000, வருட வட்டியோடு 1,74,400, அதற்குள் அடங்கிவிடுகிறது.

மாதத் தவணை 7,931இல் இருந்து 3,172 ஆகிறது. மீதி 4,800இல் அதைக் கட்டிய பிறகும் மாதம் 1,628 ரூபாய் நிற்கும், வருடத்துக்கு 19,536. நகை வட்டியைத் தக்காளியைத் தொடாமலே கட்டலாம். முன்பு பத்து ரூபாய் பத்துப் பைசா கிடைத்தால்தான் ஓடிய வீடு, இப்போது ஏழே கால் ரூபாயிலும் ஓடும். வட்டியில் மிச்சமானதை நான் பெரிதாக எண்ணவில்லை. பத்து ரூபாயிலிருந்து விலை இரண்டே முக்கால் ரூபாய் விழுந்தாலும் தாங்கும் இடைவெளி கிடைத்ததே, அதற்காகத்தான் இரண்டு பவுன்.

சொசைட்டிக் கடன் இன்னும் இருக்கிறது. கையில் 28,900, மண்டியில் வந்த 10,000, ஏறக்குறைய 39,000. கெடுவுக்குள் 80,000 கட்ட இன்னும் 41,000 வேண்டும். கட்டிய சில நாளில் சங்கம் மறுபடியும் 80,000 தரும் என்றால் அந்த இடைப்பட்ட நாட்களுக்கு மட்டும் புரட்ட வேண்டும். வழக்கமாக இதற்கு ஐந்து வட்டிக்காரரிடம் போவார்கள். பத்து நாளுக்கு வாங்கினாலும் ஒரு மாத வட்டி, 2,050 ரூபாய். சுயஉதவிக் குழுச் சேமிப்பிலிருந்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் முழு மாதத்துக்கும் 410. பயிர்க்கடனில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டாம். அடுத்த பருவத்துக்கு நிஜமாகக் கையில் இருப்பது 39,000தான். அதை வைத்து அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகத் தக்காளியும், மிச்சத்தில் செலவு குறைந்த பயிரும்தான் முடியும். கரைந்ததை ஈடுகட்ட இரண்டு மூன்று பருவம் ஆகும். ஆனால் அரை ஏக்கரில் விலை மறுபடியும் ஐந்துக்கு வந்தால் இழப்பு 25,000. முன்பு போல் 50,000 இல்லை.

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்பது

மிச்சம் இருக்கும் 60,000 ரூபாய்க் குழுக் கடன் மாட்டுக்காக வாங்கியது. பால் பணம் மாதந்தோறும் வருகிறது. அதற்கு மாதத் தவணை பொருத்தம். அந்தக் கடனில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிருக்கும் படிப்புக்கும் வாங்கும் கடனுக்கு ஏன் மாதத் தவணை? நிறுவனத்தின் கள ஊழியருக்கு மாதம் ஒருமுறை வசூல் என்பது வசதி; அவ்வளவுதான்.

2022 நெறிமுறையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்பத் தவணைக் கால இடைவெளியை மாற்றித் தர, ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் குழு ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. வட்டி, கட்டணம், தவணை எல்லாம் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரே தாளில் தரப்பட வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சார், என் தக்காளி ஏப்ரலில்தான் வரும், ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதிகமாகவும் மற்ற மாதங்களில் வட்டி மட்டுமாகவும் கட்டும்படி வைத்துக் கொடுங்கள்’ என்று குழுவாகக் கேட்கலாம். தனியாக ஒருத்தி கேட்டால், மென்பொருளில் அப்படி வழி இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஒரே ஊரில் இருபது குழுக்கள் எழுத்தில் கேட்டால் வழி பிறக்கும். இல்லையென்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், அங்கும் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோகலாம்.

இதைக் கேட்பதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி நோட்டின் ஒரு பக்கத்தில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் எந்தக் கடனுக்கு எவ்வளவு கேட்பு. பத்தாம் வகுப்புப் பெண் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவாள். தக்காளி வரியில் விலையை ஐந்து ரூபாய் என்றே எழுத வேண்டும். பத்து என்று எழுதுவது ஆசை. ஐந்திலும் எந்தெந்த வரியில் வலப்பக்கம் பெரிதாக நிற்கிறதோ, அந்த மாதங்களின் பெயரைத்தான் குழு தன் மனுவில் எழுத வேண்டும்.